தொப்பியில் ஒரு துண்டு அட்டை: டெக்சாஸ் புரட்சியில் ஒரு தெஹானோ தொண்டர் வீரர்

கேள்வி இதுதான்: "டெக்சாஸ் புரட்சியில் மெக்சிகோ வம்சாவளியினர் சிலரே மெக்சிகோ ராணுவத்தை எதிர்த்துத் தொண்டர்களாகச் சண்டை போட்டார்களாமே, உண்மையா? அவர்கள் யார், எதற்காகச் சேர்ந்தார்கள், பிறகு என்ன ஆனார்கள்?"

உண்மைதான். 1836 ஏப்ரல் 21 பிற்பகலில் இருந்து ஆரம்பிக்கிறேன். இன்றைய ஹூஸ்டன் நகரத்துக்குக் கிழக்கே சான் ஜசின்டோ சமவெளி. டெக்சாஸ் புரட்சிப் படைத் தளபதி சாம் ஹூஸ்டனின் கீழ் கிட்டத்தட்ட 900 பேர், எதிரே முகாமிட்டிருந்த மெக்சிகோ ராணுவத்தின் மீது பாயத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இருபது பேர் அளவில் மட்டும் தொப்பிப் பட்டையில் ஆளுக்கொரு அட்டைத் துண்டைச் செருகியிருந்தார்கள். அவர்கள் பேசியது ஸ்பானிஷ். முகமும் உடையும் எதிரியின் குதிரைக்காரர்களைப் போலவே இருந்தன. அட்டை இல்லாவிட்டால் பக்கத்தில் ஓடிவருகிற சொந்தப் படைக்காரனே சுட்டுவிடுவான். அதனால் இவர்கள் பின்னால் இருந்து முகாமைக் காவல் காக்கட்டும் என்றுதான் ஹூஸ்டன் முதலில் நினைத்தார் என்று சொல்வார்கள். அவர்களுடைய கேப்டன் ஒத்துக்கொள்ளவில்லை. சில வாரம் முன்பு மெக்சிகோ ராணுவம் பிடித்த அலமோ கோட்டையில் செத்தவர்களில் அவருடைய ஆட்களும் இருந்தார்கள்.

அந்தக் கேப்டன் பெயர் ஹுவான் நெபோமுசெனோ செகீன். அப்போது வயது 29. இந்தப் பதிலில் பெரும்பகுதி அவரைப் பற்றித்தான். அவருடைய ஆட்களில் பலர் எழுத்தில் எதையும் விட்டுப்போகவில்லை, அவர் விட்டுப்போனார் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த வீரர்களுக்கு நடந்தது எல்லாமே ஒரே ஆளுக்கு நடந்தது போல அவர் வாழ்க்கையில் வந்து சேர்ந்திருக்கிறது.

டெக்சாஸில் பிறந்து வளர்ந்த ஸ்பானிஷ் மொழிக்காரர்களைத் தெஹானோ என்பார்கள். அவர்களுடைய முக்கியமான ஊர் சான் அன்டோனியோ தெ பேஹார். சுருக்கமாக, அந்தக் காலத்தவர்களுக்கு வெறும் பேஹார். 1718-இல் உருவான ஊர். செகீன் 1806 அக்டோபர் 27 அன்று பிறந்தபோது அது ஸ்பெயினின் வடக்கு எல்லைக் காவல் ஊர். அவருக்கு 15 வயது நடக்கும்போது, 1821-இல், மெக்சிகோ சுதந்திரம் பெற்றது, ஊர் மெக்சிகோவுக்குப் போனது. 29 வயதில் டெக்சாஸ் குடியரசு. 40 வயதை நெருங்கும்போது அமெரிக்கா. இவ்வளவுக்கும் ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. இந்த ஆட்களைப் புரிந்துகொள்ள நாட்டை வைத்துப் பார்க்காதீர்கள், ஊரை வைத்துப் பாருங்கள் என்பேன். நாட்டை வைத்துப் பார்த்தால் செகீன் மூன்று முறை கட்சி மாறியவர். பேஹாரை வைத்துப் பார்த்தால் கதை வேறு.

பேஹாரின் நினைவில் ஆறாத காயம் ஒன்று உண்டு. 1813 ஆகஸ்ட் 18 அன்று ஊருக்குத் தெற்கே மெதினா என்ற இடத்தில் ஸ்பெயினுக்கு எதிரான குடியரசுப் படையை அரச படைத் தளபதி ஹொவாக்கின் தெ அரெதோந்தோ நொறுக்கினார். டெக்சாஸ் மண்ணில் அதிகம் பேர் செத்த சண்டை அதுதான் என்பார்கள். பிறகு ஊருக்குள் வந்து, சந்தேகப்பட்டவர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார். அவர்களுடைய மனைவிமாரையும் மகள்களையும் ஒரு கட்டடத்தில் அடைத்து, படைக்குச் சோளம் அரைத்துத் தோர்த்தியா சுட வைத்தார்கள். அந்தப் படையில் 19 வயது இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். பெயர் அன்டோனியோ லோபெஸ் தெ சாந்தா அன்னா. இருபத்துச் சொச்சம் வருடம் கழித்து அதே சாந்தா அன்னா மெக்சிகோவின் தலைவராகப் படையோடு வடக்கே வருகிறார் என்ற செய்தி கிடைத்தபோது, பேஹாரில் வயதானவர்களுக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவைப்பட்டிருக்காது.

செகீன் குடும்பம் வசதியானது. அப்பா எராஸ்மோ ஊரின் தபால் அதிகாரி, பண்ணைக்காரர். 1824 அரசியல் சட்டத்தை எழுதிய மெக்சிகோ காங்கிரஸில் டெக்சாஸின் பிரதிநிதியும் அவர்தான். அந்தச் சட்டம் மெக்சிகோவை மாநிலங்களின் கூட்டாட்சி ஆக்கியது. ஆக, அது செகீன் வீட்டுக்கு அப்பா கைபட்ட சட்டம். ஸ்டீபன் ஆஸ்டின் அமெரிக்காவிலிருந்து குடியேற்றக்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்தபோது வரவேற்று வழிகாட்டியவர்களில் எராஸ்மோ முக்கியமானவர். ஆஸ்டினுக்கும் அவருக்கும் கடைசிவரை நெருக்கம். மகன் ஹுவான் 1826-இல் மரியா ஹெர்த்ரூதிஸ் ஃப்ளோரெஸை மணந்தார். பத்துப் பிள்ளைகள். நகரசபை உறுப்பினர், அப்புறம் அல்கால்தே, அதாவது ஊர்த் தலைவரும் நீதிபதியும் சேர்ந்த பதவி. 1834-இல் அந்த வட்டாரத்துக்கே தற்காலிக அரசியல் தலைவர். மொத்தத்தில், கலகக்காரர் என்று யாரும் நினைக்கிற ஆள் இல்லை.

பிறகு ஏன் துப்பாக்கி எடுத்தார்? இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைக்க வேண்டும். "மெக்சிகோவிடமிருந்து பிரிவதற்காகப் புரட்சி" என்று தொடங்கவில்லை. 1834-இல் சாந்தா அன்னா கூட்டாட்சிக்காரர்களைக் கைவிட்டு, அதிகாரத்தையெல்லாம் தலைநகரத்துக்கு இழுத்துக்கொண்டார். மாநிலப் படைகளைக் குறைக்கச் சொன்னார். எதிர்த்த சக்கதேகாஸ் மாநிலத்தை 1835 மே மாதம் நசுக்கினார், நகரம் சூறையாடப்பட்டது. அதற்கெல்லாம் முன்பே பேஹார் நகரசபைக்குக் குறைகள் இருந்தன. 1832 டிசம்பரில் நீளமான மனு ஒன்று எழுதி அனுப்பியிருந்தார்கள்: எல்லைக் காவல் படைக்குச் சம்பளமே வருவதில்லை, கொமாஞ்சே பழங்குடியினரின் தாக்குதலில் மக்கள் சாகிறார்கள், தூரத்தில் உட்கார்ந்து சட்டம் போடுகிறவர்களுக்கு இந்த ஊர் தெரியாது. எல்லை ஊர்க்காரர்கள் எங்கே இருந்தாலும் எழுதக்கூடிய மனுதான்.

1835-இல் செகீன் தன் ஊர்ப் படையைக் கூட்டிக்கொண்டு மொன்க்ளோவா வரை போனார், கூட்டாட்சிக்கார ஆளுநருக்குக் கை கொடுக்க. அது பலிக்கவில்லை. திரும்பி வரும்போதே முடிவு பண்ணிவிட்டார். அந்தக் கட்டத்தில் அவர் கேட்டது 1824 சட்டத்தைத்தான். பழைய மெக்சிகோ திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தெஹானோ பெரிய குடும்பங்களுக்கு ஆங்கிலம் பேசும் குடியேறிகளோடு வியாபாரத் தொடர்பு இருந்தது. அந்தக் குடியேறிகளின் பருத்தி விவசாயம் அடிமைகளின் உழைப்பில் நடந்தது. மெக்சிகோ அடிமை முறைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோதெல்லாம் டெக்சாஸுக்கு விலக்கு வாங்க ஓடியவர்களில் பேஹார் தலைவர்களும் உண்டு. "சுதந்திரம்" என்ற சொல்லை இந்தப் புரட்சியில் கேட்கும்போதெல்லாம், அதைக் கேட்டுக்கொண்டு பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களையும் நினைத்துக்கொள்வது நல்லது.

சரி, தொண்டர் வீரர் என்றால் எப்படி இருந்திருப்பார்? 1835 அக்டோபர் 2 அன்று கொன்சாலெஸ் என்ற ஊரில் ஒரு சின்ன பீரங்கிக்காக முதல் வெடி வெடித்தது. அந்த மாதமே ஆஸ்டின், செகீனைக் கேப்டனாக்கி ஆள் திரட்டச் சொன்னார். வந்தவர்கள் பண்ணைக்காரர்கள், மாட்டுக்கார வக்கேரோக்கள், கைத்தொழில்காரர்கள், சம்பளம் வராமல் சலித்துப்போன பழைய காவல்படை வீரர்கள். சீருடை கிடையாது. அகலத் தொப்பி, குளிருக்குப் போர்வை, முள்ளுச்செடி கிழிக்காமல் இருக்கக் காலில் மான்தோல், பெரிய முள் சக்கரம் வைத்த குதிமுள். குதிரை சொந்தக் குதிரை. துப்பாக்கி வீட்டில் இருந்த பழைய துப்பாக்கி. கயிறு வீசிப் பிடிப்பதில் மட்டும் அவர்களை யாரும் அடித்துக்கொள்ள முடியாது.

அமெரிக்காவிலிருந்து வந்த தொண்டர்களிடம் நல்ல ரைஃபிள் இருந்தது, குறியும் தவறாது. ஆனால் எந்த ஓடையில் தண்ணீர் இருக்கும், எந்தப் பாதையில் தபால்காரன் வருவான், யார் வீட்டுக் களஞ்சியத்தில் சோளம் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. அது தெஹானோ வேலை. பேஹாருக்குள் மாட்டிக்கொண்ட மெக்சிகோ ஜெனரல் மார்தின் பெர்ஃபெக்தோ தெ கோஸின் தூதர்களை வழிமறிப்பது, கடிதத்தைப் படித்துச் சொல்வது, அவர் குதிரைகளுக்குத் தீனி கிடைக்காமல் புல்லைக் கொளுத்துவது, தங்கள் படைக்கு மாடும் சோளமும் கொண்டுவருவது. இதில் பாதிச் சோளம் செகீன்களின் சொந்தப் பண்ணையிலிருந்தே போயிருக்கும். சண்டையில் சுட்டவர்கள் பெயர் பாடப்புத்தகத்தில் வந்தது. சோளம் கொண்டுவந்தவன் பெயர் வரவில்லை. எந்தப் போரிலும் இப்படித்தான் என்றாலும், இங்கே சோளக்காரனின் மொழியும் வேறாக இருந்துவிட்டது.

டிசம்பர் 5 முதல் பேஹாருக்குள் வீடு வீடாகச் சண்டை. வாசல் வழியாகப் போனால் தெருவில் குண்டு பாயும் என்பதால் மண்சுவரை இடித்து ஓட்டை போட்டு அடுத்த வீட்டுக்குள் போனார்கள். செகீனின் ஆட்களுக்கு அவை யாரோ ஒருவர் வீட்டுச் சுவர்கள் இல்லை. மாமா வீடு, பெண் கொடுத்த வீடு, ஞானஸ்நானத் தாய் வீடு. சில நாட்களில் கோஸ் சரணடைந்து, 1824 சட்டத்துக்கு எதிராக இனி வரமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தெற்கே போனார். மூன்றே மாதத்தில் திரும்பி வந்தார் என்பது வேறு விஷயம்.

இப்போது கிரெகோரியோ எஸ்பார்சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேஹார்க்காரர், தெஹானோ தொண்டர், பேஹார் முற்றுகையில் சண்டை போட்டவர். 1836 பிப்ரவரி 23 அன்று சாந்தா அன்னாவின் படை யாரும் எதிர்பார்க்காத வேகத்தில் ஊருக்குள் வந்துவிட்டது. எஸ்பார்சா மனைவி அன்னாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, ஊரை ஒட்டிய பழைய மிஷன் கோட்டையான அலமோவுக்கு ஓடினார். வாசல் அதற்குள் அடைத்தாயிற்று. தேவாலயத்தின் ஒரு ஜன்னல் வழியாக ஒவ்வொருவராகத் தூக்கி உள்ளே எடுத்தார்கள். அப்படி உள்ளே போனவர்களில் ஒருவன் எட்டு வயது என்ரீக்கே. எழுபது வருடம் கழித்துக்கூட, பத்திரிகைக்காரர்கள் கேட்டால் அந்த ஜன்னலைப் பற்றித்தான் சொல்வாராம்.

கிரெகோரியோ ஒரு பீரங்கியோடு நின்றார். அவருடைய அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஃபிரான்சிஸ்கோ மெக்சிகோ தரப்புப் படை வீரர். மார்ச் 6 விடிகாலையில் கோட்டை விழுந்தது. உள்ளே சண்டையிட்ட ஏறக்குறைய எல்லோரும் இறந்தார்கள். உடல்களைக் குவித்து எரிக்கச் சாந்தா அன்னா உத்தரவிட்டார். ஃபிரான்சிஸ்கோ போய் ஜெனரல் கோஸிடம் அனுமதி கேட்டார், கிடைத்தது. பிணக்குவியலுக்குள் தேடிச் சகோதரனை எடுத்துப்போய் ஊர்க் கல்லறையில் புதைத்தார். அலமோ வீரர்களில் எரிக்கப்படாமல் கிறிஸ்தவ முறைப்படி அடக்கமானவர் அவர் ஒருவர்தான் என்று சொல்லப்படுகிறது. அன்னாவைச் சாந்தா அன்னா முன் கொண்டுபோனார்கள். ஒரு போர்வையும் இரண்டு வெள்ளி நாணயமும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்த வாரம் பேஹாரில் ரூயிஸ் குடும்பத்துக்கு நடந்ததும் இதற்குக் குறைந்ததில்லை. அப்பா ஹோசே ஃபிரான்சிஸ்கோ ரூயிஸ் மார்ச் 2 அன்று வாஷிங்டன்-ஆன்-தி-பிராசோஸ் என்ற இடத்தில் கூடிய மாநாட்டில் டெக்சாஸ் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறியபோது பிரதிநிதியாக இருந்து, அதில் கையெழுத்துப் போட்டவர். மகன் ஃபிரான்சிஸ்கோ அன்டோனியோ ரூயிஸ் அப்போது பேஹாரின் அல்கால்தே. நான்கு நாள் கழித்து, அலமோவில் செத்தவர்களில் பெயர் பெற்ற டிராவிஸ் யார், போவி யார், குரோக்கெட் யார் என்று பிணங்களுக்கு நடுவே சாந்தா அன்னாவுக்கு அடையாளம் காட்ட வேண்டியவராக மகன் நின்றார். அலமோவுக்குள் செத்தவர்களுக்கோ சுதந்திரம் பிரகடனமான செய்தியே போய்ச் சேரவில்லை. எஸ்பார்சா எந்த நாட்டுக்காகச் செத்தார் என்று கேட்டால் என்னிடம் நேரான பதில் இல்லை.

செகீன் எப்படித் தப்பினார்? அவரும் பிப்ரவரி 23 அன்று அலமோவுக்குள்தான் இருந்தார். இரண்டொரு நாளில் உதவி கேட்டுத் தூது போக ஆள் தேவைப்பட்டது. ஸ்பானிஷ் தெரிந்த, வழி தெரிந்த ஆள் என்றால் அவர்தான். அவருடைய குதிரை கைக்கு எட்டவில்லை. ஜிம் போவியிடம் குதிரையைக் கடன் கேட்டார். போவி காய்ச்சலில் கிடந்தார், கேட்பது யார் என்றே அடையாளம் தெரியாத நிலை. குதிரை கிடைத்தது. செகீனும் உதவியாள் அன்டோனியோ குரூசும் இருட்டில் கிளம்பினார்கள். வழியில் மெக்சிகோ காவல் குதிரைப்படை நிறுத்தியபோது, ஊர்க்காரர்கள்தான் என்று ஸ்பானிஷில் பதில் சொல்லிக்கொண்டே நெருங்கி, சட்டென்று குதிரையைத் தட்டிவிட்டுப் பறந்தார்கள் என்று கதை. மொழியால் உயிர் தப்பியது. ஆறு வருடம் கழித்து அதே மொழி அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறது.

அதற்கு அவ்வளவு நாள்கூட ஆகவில்லை என்றும் சொல்லலாம். மார்ச் 11 அன்று ஹூஸ்டன் கொன்சாலெஸ் வந்து சேர்ந்த நேரத்தில் அன்செல்மோ பெர்காரா, ஆந்திரெஸ் பார்செனா என்ற இரண்டு தெஹானோக்கள் குதிரையில் வந்து, அலமோ விழுந்துவிட்டது, எல்லோரும் செத்துவிட்டார்கள் என்றார்கள். அவர்கள் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. ஹூஸ்டன் அவர்களை எதிரியின் உளவாளிகள் என்று சொல்லிப் பிடித்து வைத்தார். ஊரில் பீதி பரவாமல் இருக்க என்பது காரணம். இரண்டு நாள் கழித்து, அலமோவில் கணவனை இழந்த சுசானா டிக்கின்சன் கைக்குழந்தையோடு வந்து அதையே சொன்னபோது நம்பினார்கள். ஹூஸ்டனைக் குறை சொல்லவில்லை, தளபதிக்கு அந்த நேரத்தில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் இந்தக் கதையில் தெஹானோ எங்கே நிற்கிறான் என்று யாராவது கேட்டால் நான் காட்டுவது இந்த இடத்தைத்தான்.

அப்புறம் பின்வாங்கல். ஹூஸ்டன் கிழக்கே கிழக்கே போக, குடியேறிகளின் குடும்பங்களும் மழையிலும் சேற்றிலும் ஓடின. செகீனின் குதிரைக்காரர்கள் படையின் பின்வரிசைக் காவலாக, எதிரி கண்ணில் படும் தூரத்தில் கடைசியாக வந்தார்கள். செகீன் குடும்பமும் ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே ஓடியது. காய்ச்சலில் விழுந்து எழுந்து திரும்பி வந்தபோது பண்ணையில் கால்நடை இல்லை, வீட்டில் பொருள் இல்லை. இரண்டு படைகளும் அந்த வழியாகப் போயிருந்தன.

சான் ஜசின்டோ சண்டை 18 நிமிடத்தில் முடிந்தது. மெக்சிகோ தரப்பில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலானோர் சரணடைய முயன்று, சதுப்பு நீரில் இறங்கி ஓடும்போது சுடப்பட்டவர்கள். இன்னொரு தரப்பில் செத்தது 9 பேர். அந்தச் சதுப்பில் கையெடுத்துக் கும்பிட்டவர்கள் கெஞ்சியதும் ஸ்பானிஷில்தான். தொப்பியில் அட்டை வைத்தவர்களுக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்திருக்கும். அதைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று யாரும் உட்கார வைத்துக் கேட்கவில்லை.

ஜூன் மாதம் செகீன் பேஹாரை மெக்சிகோ படையிடமிருந்து பொறுப்பேற்றார். லெப்டினன்ட் கர்னல், ஊரின் ராணுவத் தலைவர். குதிரைப்படை என்று பெயர், ஆனால் ஏற குதிரை போதாது, போடத் துணி போதாது. ஃபீலிக்ஸ் ஹஸ்டன் என்ற ஜெனரல், பாதுகாக்க முடியாத ஊர் எதற்கு, மக்களை வெளியேற்றிவிட்டு பேஹாரை இடித்துவிடுங்கள் என்று உத்தரவு போட்டார். செகீன் நேராக சாம் ஹூஸ்டனுக்கு எழுதி அதை ரத்து செய்ய வைத்தார். இன்று சான் அன்டோனியோவில் சுற்றுலாப் பயணிகள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களே, அதற்கு அந்தக் கடிதத்துக்கும் கொஞ்சம் நன்றி சொல்லலாம்.

1837 பிப்ரவரி 25 அன்று அலமோவில் எரிந்தவர்களின் சாம்பலை அடக்கம் செய்தார். சாம்பல் மூன்று இடங்களில் குவிந்து கிடந்தது. சிறிய குவியல்கள் இரண்டையும் சேகரித்து, கறுப்புத் துணி போர்த்த ஒரு பெட்டியில் வைத்தார்கள். மூடியின் உட்புறத்தில் டிராவிஸ், போவி, குரோக்கெட் பெயர்கள். பெட்டி மேல் டெக்சாஸ் கொடி, ஒரு ரைஃபிள், ஒரு வாள். ஊர்க் கோயிலிலிருந்து பெரிய சாம்பல் குவியல் இருந்த இடத்துக்கு ஊர்வலம். அங்கே செகீன் ஸ்பானிஷில் பேசினார். அடுத்து ஒரு மேஜர் ஆங்கிலத்தில் பேசினார். எஸ்பார்சாவோடு நின்று செத்த மற்ற பேஹார்க்காரர்களின் சாம்பலும் அதில் கலந்துதான் இருந்தது. டோரிபியோ லோசோயா என்ற வீரர் அந்த அலமோ வளாகத்தை ஒட்டிய வீட்டிலேயே பிறந்தவர். மூடியில் அந்தப் பெயர்கள் இல்லை.

அதன் பிறகு டெக்சாஸ் குடியரசின் செனட்டில் செகீன் உறுப்பினர். அங்கே இருந்த ஒரே தெஹானோ. ராணுவக் குழுவின் தலைவர் பதவியும் வகித்தார். அவருக்கு ஆங்கிலம் வராது, மொழிபெயர்ப்பாளர் வைத்துக்கொண்டு பேசினார். சட்டங்களை ஸ்பானிஷிலும் அச்சிடுங்கள் என்பது அவருடைய விடாத கோரிக்கை. என் ஊர்க்காரன் எந்தச் சட்டத்தை மீறினான் என்று அவனுக்கே தெரியாமல் தண்டிப்பது என்ன நியாயம் என்பதுதான் அதன் சாரம். 1839-இல் ஓர் ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்னும் அந்தப் பெயர்தான்.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. ஆனால் தரையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. புரட்சிக்கு முன்பே ஆங்கிலம் பேசுகிறவர்கள் எண்ணிக்கையில் பல மடங்கு. வெற்றிக்குப் பிறகு வந்தவர்களுக்கு அலமோ என்றால் மெக்சிகர்கள் செய்த கொலை என்று மட்டும்தான் தெரியும், உள்ளே செத்த மெக்சிகர்களைத் தெரியாது. வீரர்களுக்குக் கூலி நிலமாக வந்தது: மூன்று மாத சேவைக்கு 320 ஏக்கர், சான் ஜசின்டோ சண்டைக்கு மேலும் 640 ஏக்கர். காகிதத்தில் பெரிய சொத்து. அளந்து, பதிந்து, ஆங்கிலத்தில் மனுப் போட்டு, நிலத்தைக் கையில் வாங்குவதற்குள் பல தெஹானோக்கள் அந்தச் சான்றிதழை நிலத் தரகர்களிடம் அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விக்டோரியா ஊரை நிறுவிய தெ லெயோன் குடும்பம் புரட்சிக்கு ஆயுதமும் குதிரையும் கொடுத்த குடும்பம். 1836-இலேயே, மெக்சிகர்கள் என்பதற்காக விரட்டப்பட்டு நியூ ஆர்லியன்ஸுக்குக் கப்பல் ஏறியது. அந்த வீட்டு மருமகன் பிளாசிதோ பெனாவிதெஸ் பேஹார் சண்டையில் முன்னணியில் நின்ற கேப்டன். 1836 மார்ச்சில் அகுவா துல்சேயிலிருந்து, எதிரி வருகிறான் என்று கோலியாத் என்ற ஊர் வரை குதிரையில் போய் எச்சரித்தவர். கூட்டாட்சிக்காகச் சண்டை போடுவேன், மெக்சிகோவிலிருந்து பிரிவதற்குக் கூட வரமாட்டேன் என்று அவர் ஒதுங்கினார். அடுத்த வருடம் லூயிசியானாவில் அகதியாகச் செத்தார். அதே பகுதியில் கார்லோஸ் தெ லா கார்சா என்ற பண்ணைக்காரர் மெக்சிகோ ராணுவத்தோடு சேர்ந்து சண்டை போட்டவர். அக்கம்பக்கத்துக் குடியேறிகளுக்குச் செய்த உதவிகளால் அவரை யாரும் தொடவில்லை, தன் பண்ணையிலேயே வாழ்ந்து முடிந்தார். எந்தப் பக்கம் நின்றாய் என்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரன் உன்னை அறிவானா என்பது பெரிதாக இருந்திருக்கிறது.

செகீனுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1841-இல் சான் அன்டோனியோ மேயரானார். நகர நிலத்தில் புகுந்து உட்கார்ந்த புதியவர்களைக் காலி செய்யச் சொன்னதும் விரோதம் முளைத்தது. 1842 மார்ச்சில் மெக்சிகோ ஜெனரல் ரஃபாயேல் வாஸ்கெஸ் படையோடு வந்து ஊரைப் பிடித்துக்கொண்டு சில நாளில் போனார். போகிறபோக்கில், செகீன் நம் ஆள் என்று ஒரு பேச்சைப் போட்டுவிட்டுப் போனார் என்கிறார்கள். அந்தத் தாக்குதல் வரும் என்று முன்கூட்டியே அரசாங்கத்தை எச்சரித்தவரே செகீன்தான். அது எடுபடவில்லை. கும்பல் தேடியது. பண்ணை பண்ணையாக ஒளிந்தார். ஏப்ரலில் பதவியை விட்டுவிட்டு, யாரை எதிர்த்துச் சண்டை போட்டாரோ அந்த மெக்சிகோவுக்கே குடும்பத்தோடு போனார்.

அங்கே பூச்செண்டு யாரும் வைத்திருக்கவில்லை. பிடித்தார்கள். சிறையா, படையில் சேர்ந்து டெக்சாஸை எதிர்த்துச் சண்டையா என்று கேட்டார்கள். மனைவி, பிள்ளைகள் கூட இருந்தார்கள். அந்த வருடம் செப்டம்பரில் ஜெனரல் ஆத்ரியன் வோல் சான் அன்டோனியோவைப் பிடித்தபோது, படையில் ஹுவான் செகீனும் இருந்தார். இதற்குமேல் அவருக்காக வாதாட டெக்சாஸில் ஆள் இல்லாமல் போய்விட்டது. 1846-இல் தொடங்கிய அமெரிக்க மெக்சிகப் போரிலும் மெக்சிகோ பக்கமே நின்றார். வேறு வழி இல்லை என்று அவர் சொன்னதை நான் பெரும்பாலும் நம்புகிறேன். முழுவதும் நம்பாதவர்களும் உண்டு, அவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

1848-இல் போர் முடிந்ததும் என்ன செய்தார் தெரியுமா? திரும்பி வந்தார். எந்த ஊர் விரட்டியதோ அதன் பக்கத்திலேயே, அப்பாவின் பண்ணை அருகே வீடு கட்டினார். நான் முதலில் சொன்னதற்கு இதுதான் என் சாட்சி: மெக்சிகோவில் அவருக்கு நாடு இருந்தது, ஊர் இல்லை. 1852-இல் அவரைச் சமாதான நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் பேச்சு ஓயவில்லை. 1858-இல் தன் தரப்பைச் சொல்லி நினைவுக்குறிப்பு ஒன்றை அச்சிட்டார். பிறந்த மண்ணிலேயே அந்நியனானேன் என்று அதில் சொல்கிறார். எரிச்சலும் தற்காப்பும் கலந்த எழுத்து. அலமோவைப் பற்றிப் படிக்க எடுத்தால் ஏமாற்றம்தான், பாதிக்கு மேல் 1842-ஐப் பற்றித்தான் பேசுகிறது. நீதிமன்றத்தில் நிற்கிறவன் வேறு எதைப் பேசுவான்.

கடைசிக் காலத்தில் எல்லை தாண்டி நுவேவோ லரேதோவில் மகனோடு போய் இருந்தார். 1890 ஆகஸ்ட் 27 அன்று அங்கேயே இறந்தார். 1974-இல் எலும்புகளை டெக்சாஸுக்குக் கொண்டுவந்து, 1976 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் 200ஆவது சுதந்திர தினத்தில், செகீன் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். நாளைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இதில் உறுத்தல் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

இன்னொன்று. செகீனின் பிற்கால வாழ்க்கையில் மேடையில்லாத வேலை ஒன்று இருந்தது. இறந்த வீரர்களின் வாரிசுகள் நிலம் கேட்டு மனுப் போடும்போது, ஆம், இவன் என்னோடு இருந்தான், இந்த இடத்தில் செத்தான் என்று சாட்சி சொல்வது. அப்படி ஒரு மனு பேஹார் கவுன்டி நீதிமன்றக் காகிதங்களுக்குள் நூறு வருடத்துக்கு மேல் கிடந்து, 1986-இல் ஒருவர் கண்ணில் பட்டது. அதுவரை அலமோவில் செத்தவர்கள் பட்டியலில் இல்லாத ஒரு பெயர் அதில் இருந்தது: தமாசியோ ஹிமேனெஸ். அவர் அலமோவில் இருந்தார், அங்கேயே செத்தார் என்று சாட்சி சொன்னவர்களில் ஒருவர் ஹுவான் செகீன்.